ஐம்பதுக்குப் பின் ஒரு புதுப்பயணம்: பண்டிதர் அயோத்திதாசர் வாழ்க்கை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அவரை அறியாத பிள்ளை இன்று நம் தெருவில் இல்லை. ஆனால் அண்ணலுக்கு 58 ஆண்டுகள் முன்னரே அதே நெறியில் அடிவைத்த ஒரு தமிழ்ப் பெருமகனைப் பற்றி, நம் பள்ளிக்கு வரும் மாணவர்களுள் பலர் ஒரு சொல்லும் அறியார். ஆதலின் பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்வைச் சுருக்கமாக வரைகின்றோம்.

இதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் பலர் ஐம்பதைக் கடந்துவிட்டோம். நமக்கும் பணி ஓய்வு நெருங்குகின்றது. இனி இருக்கும் ஆண்டுகளில் எதைச் செய்வது, எதை விடுவது என்னும் வினா நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுந்துள்ளது. பண்டிதரும் அவ்வினாவை எதிர்கொண்டவர். அவர் அளித்த விடை, சொல்லால் ஆனதன்று, வாழ்வால் ஆனது.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். நம் கிராமங்களில் இன்றும் வழங்கும் பெயர்தான் அது. அவர் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பணியாற்றியவர். அவர் தம் இல்லத்தில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச் சுவடிகளை அத்துரையின் வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்பதைப் பண்டிதரே தம் எழுத்தில் பதிவு செய்துள்ளார். நம்மவர்க்கு எழுத்தும் ஏடும் அயலானவை என்று இன்றும் பேசுவோர் இச்செய்தியை எண்ணிப் பார்த்தல் நன்று.

காத்தவராயன் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த மருத்துவத்தையும் முறையாகக் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கல்வி அளித்த ஆசான் அயோத்திதாசக் கவிராச பண்டிதரிடம் கொண்ட அன்பால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பெற்றோர் தந்த பெயரினும் ஆசான் பெயர் அவருக்கு உயர்ந்ததாகத் தோன்றியது. ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நமக்கு இதைவிட இனிய செய்தி வேறில்லை.

அவர் வாழ்நாள் முழுவதும் பிழைப்புக்குக் கைக்கொண்டது சித்த மருத்துவமே. இளமையில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க., பண்டிதரின் மருத்துவத்தால் நலம் பெற்றதைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியுடன் எழுதியுள்ளார். பொதுப்பணியை வயிற்றுப் பிழைப்பாக ஆக்கிக்கொள்ளாத நேர்மைக்கு இம்மருத்துவத் தொழிலே அவருக்குத் துணை நின்றது.

நீலகிரியில் முற்பகுதி

குடும்பத்துடன் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், அத்வைதானந்த சபை என்னும் ஓர் அமைப்பை நிறுவினார். எவ்வுயிரிலும் ஒரே பொருள் உறைகின்றது என்பது அத்வைதம். எல்லாம் ஒன்றாயின் மனிதருள் உயர்வு தாழ்வு எங்ஙனம் நிற்கும் என்பது இளைஞரான பண்டிதரின் நம்பிக்கை. தம் ஆண்மக்களுக்குப் பட்டாபிராமன், சானகிராமன் என்றெல்லாம் இராமன் பெயர் வரவே பெயரிட்டார். அவர் அன்று கொண்டிருந்த சமய உணர்வு போலியானதன்று, உள்ளார்ந்ததே.

பின்னர் அருட்திரு ஜான் ரத்தினம் அவர்களுடன் இணைந்து 'திராவிட பாண்டியன்' இதழ்ப் பணியில் ஈடுபட்டார். கிறித்தவப் போதகர் ஒருவரும் அத்வைத நெறியாளர் ஒருவரும் நம் மக்கள் நலனுக்காக ஒரே மேசையில் அமர்ந்து எழுதினர் என்பதை இளைஞர்கள் கருத்தில் இருத்துக.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாசன சபையின் சார்பில் மாநாடு ஒன்று கூட்டினார். 10 தீர்மானங்கள் நிறைவேறின. பள்ளிகள் வேண்டும், படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வேண்டும், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை வேண்டும், சிறையிலும் நம்மவரை இழிதொழிலுக்கு ஏவும் விதி ஒழிய வேண்டும் என்பன அவற்றுள் சில. அக்காலத்தில் நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1895இல் அது முடிந்து, கம்பம் பள்ளத்தாக்கில் நீர் பாய்ந்து, வயல்கள் விரிந்தன. ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீர் முகக்கும் உரிமைக்கே மாநாடு கூட்ட வேண்டியிருந்த காலம் அது என்பதை மறவற்க.

விக்டோரியா மண்டபத்தில் ஒரு நாள்

பண்டிதரின் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி 1892ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்தது. சென்னை மகாசன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியின் பிரதிநிதியாக அவர் சென்றிருந்தார். அப்போது அவருக்கு 47 வயது நிறையவிருந்தது. எல்லார்க்கும் பொதுவான கடவுள் எனில் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நம் மக்களை ஏன் விடுவதில்லை என்று அவையில் வினவினார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் உண்டு, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவரல்லர் என்னும் கருத்தில் விடை பகர்ந்தாராம். அப்படியாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா என்று பண்டிதர் மறுமொழி கூறிவிட்டு, அடுத்த கோரிக்கைக்குச் சென்றார். நம் பிள்ளைகளுக்கு 4ஆம் வகுப்பு வரையேனும் இலவசக் கல்வியும், தரிசாகக் கிடக்கும் நிலங்களும் வேண்டும் என்று கேட்டார். அவை அதனை ஏற்றது. இவ்வரலாற்றைப் பண்டிதரே பின்னாளில் தம் இதழில் எழுதினார்.

அவமதிப்புக்கு உள்ளான அதே அவையில், அதே வேளையில், சினத்தை அடக்கி, பள்ளியும் நிலமும் கேட்ட பெருந்தன்மையை நோக்குக. ஆயினும் 22 ஆண்டுகளாக அவர் பற்றியிருந்த நம்பிக்கை அன்று அசைந்தது. அனைத்தும் ஒன்று என்னும் தத்துவம் நூலில் இருந்தது. கோயில் வாசலில் இல்லை.

இவ்விடத்தில் நம் ஊர்ப்புறத்துச் செய்தி ஒன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. நமக்கு உரியவர் கருப்பண்ணசாமியே என்று அவையில் ஒதுக்கினரல்லரோ? நம் பண்ணைப்புரத்திற்கு அண்மையிலுள்ள உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில், சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்கு உள. ஒரே பாறையில் ஒரு காலத்தில் ஒரு நெறி, பிறிதொரு காலத்தில் பிறிதொரு வழிபாடு. ஒரு மக்களின் சமயம் என்றும் மாறாத தலையெழுத்து அன்று என்பதை அப்பாறை ஆயிரம் ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. பண்டிதர் அப்பாறையைக் கண்டவரல்லர். ஆனால் அப்பாறை சொல்லும் உண்மையைத் தமிழ் ஏடுகளில் கண்டார்.

ஐம்பத்து மூன்றாம் வயது

விக்டோரியா மண்டபத்திற்கும் அடுத்த அடிக்கும் இடையே 6 ஆண்டுகள் உள்ளன. சினங்கொண்ட மறுநாளே அவர் சமயம் மாறவில்லை. படித்தார், ஆராய்ந்தார். பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் புரட்டினார். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட நம் முன்னோர் இம்மண்ணின் பழைய பௌத்தர். அந்நெறியை விட மறுத்ததாலேயே ஒடுக்கப்பட்டனர் என்னும் முடிவுக்கு வந்தார். தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டதும் 1898ஆம் ஆண்டிலேயே என்பது வியப்பான பொருத்தம்.

அவ்வாண்டு பண்டிதர், பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் துரையைச் சந்தித்தார். ஆல்காட் 1894 முதலே சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளை நடத்தி வந்தவர். அவர் துணையுடன் பண்டிதரும், பள்ளி ஆசிரியரான கிருஷ்ணசாமியாரும் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பில் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார்கள். பண்டிதருக்கு அப்போது வயது 53.

ஐம்பத்து மூன்று வயதில் மனிதர் என்ன எண்ணுவர்? மகள் திருமணம், வீட்டுக்கு ஒரு மாடி, மூட்டு வலிக்கு ஒரு தைலம். நாமும் அப்படித்தான் எண்ணினோம் என்பதை ஒளிக்காமல் கூறுவோம். ஐம்பதைத் தாண்டியபின், செய்த தொண்டு போதும் என்று சங்கத்தின் மாலை வகுப்புக்குச் செல்வதைச் சில திங்கள் நிறுத்திவிட்டோம். பண்டிதரின் ஆண்டுக் கணக்கைக் குறித்து வைத்து நோக்கியபோதே வெட்கம் நம்மை மீண்டும் அவ்வகுப்புக்கு அழைத்துச் சென்றது. பண்டிதர் இளமை முதல் போற்றிய கொள்கையை, தம் பெயரால் அறியப்பட்ட சபையை, மக்களுக்கு இட்ட பெயர்களிலேயே பதிந்திருந்த பற்றை, அவ்வயதில் மறு ஆய்வு செய்தார். தம் மக்களை அது தாங்கவில்லை என்று கண்டதும் அதனை விட்டார். இதற்கு இளமையின் துணிவைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

பின்னர்ப் பிறந்த மகளுக்கு மாயாதேவி என்று புத்தர் பெருமானின் அன்னை பெயரை இட்டார். ஒரே வீட்டில், ஒரே தந்தையின் பிள்ளைகள் பெயரிலேயே அவர் கடந்து வந்த தொலைவு தெரிகின்றது. அவர் மனைவியாரின் உடன்பிறந்தவரான இரட்டைமலை சீனிவாசனார் இவ்வழியில் வரவில்லை. அரசியல் உரிமைப் பாதையில் நின்று, இலண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று தொண்டாற்றினார். மைத்துனர் இருவரும் இருவேறு பாதையில் நின்றும் ஒரே மக்களுக்கே உழைத்தனர். நம் சங்கத்திலும் பல வழிபாட்டினர் இருக்கின்றோம். இன்ன சமயம் கொள்க என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

கேட்டலை விட்டுக் கட்டுதல்

சமயத்துடன் அவர் தொண்டின் போக்கும் மாறியது. அதுவரை அவர் பணி பெரும்பாலும் மனு எழுதுதலும் தீர்மானம் போடுதலும் ஆக இருந்தது. அரசும் அவையும் கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டு நின்ற பணி அது. உரிமை கேட்பதை அவர் கைவிடவில்லை. ஆயினும் 1898க்குப் பின் தமக்கென ஒரு வீடு கட்டும் பணியை அதனினும் முதன்மையாகக் கொண்டார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். திருமணம், பெயரிடல், நீத்தார் கடன் ஆகியவற்றைப் பிறர் கையை எதிர்பாராது தாமே நடத்திக்கொள்ளும் முறை வகுத்தார். பொங்கல், தீபாவளி, கார்த்திகை ஆகிய விழாக்களுக்கும் பௌத்த விளக்கம் தந்தார்.

சங்கம் சென்னையுடன் நின்றுவிடவில்லை. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர் ஆகிய இடங்களிலும், கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் தோன்றின. இவற்றுள் தங்கவயல் கிளை குறிப்பிடத்தக்கது. சுரங்கத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்துப் பொன் எடுத்த தமிழ்த் தொழிலாளர்களே அதனைத் தாங்கினர். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நம் தாய்மார்களைக் காணும்போதெல்லாம் அத்தொழிலாளர்களை நினைக்கின்றோம். நாட்கூலியினின்று பிடித்தம் செய்து பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் கை, ஓர் இயக்கத்தையும் தாங்க வல்லது.

ஒரு பைசாத் தமிழன்

1907ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்காட் துரை மறைந்தார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, பண்டிதர் தம் 62ஆம் வயதில் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை ஒரு பைசா, பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு 'தமிழன்' எனச் சுருங்கியது. ஏழை ஒருவன் தன் காசில் வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவ்விலையின் பொருள்.

அரசு ஊழியரை ஓய்வுக்கு அனுப்பும் வயதில், வாரந்தோறும் தலையங்கம், சமய ஆராய்ச்சி, மருத்துவம், அரசியல், வாசகர் ஐயங்களுக்கு விடை என அனைத்தையும் பெரும்பாலும் ஒருவராகவே எழுதினார். ஏறத்தாழ 7 ஆண்டுகள் இடையறாது எழுதினார். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மவர் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதிந்துகொள்ள வேண்டும் என இதழின் வழி வலியுறுத்தினார். இந்திரர் தேச சரித்திரம் என்னும் வரலாற்றைத் தொடராக வரைந்தார். 1912இல் 'புத்தரது ஆதிவேதம்' நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 67. திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கினார். பாட்டனார் ஓலையாகக் காத்ததைப் பேரனார் உரையாக வளர்க்க முற்பட்டார்.

அவ்வுரை நிறைவுறவில்லை. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 69 வயது நிறைய இன்னும் 15 நாட்களே இருந்தன.

நாம் கண்டுகொள்ள வேண்டிய குறை

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறையை மறைத்துவிடுவது வழக்கம். மாணவர்க்கு உண்மை கற்பிக்கும் நாம் அதனைச் செய்தல் தகாது. பண்டிதரின் வரலாற்று முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை, அது பெருங்குறையன்று. ஆனால் பிறரால் தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு என அவர் பிரித்தார். இன்று அருந்ததியர் என்று நாம் மதிப்புடன் அழைக்கும் மக்களையும், குறவர், வில்லியர் முதலியோரையும் அவர் பின்னைய வரிசையில் வைத்து எழுதியது பெருங்குறையே. சாதியை வேரோடு சாய்க்க முனைந்தவரின் கையிலும் அதன் ஒரு வேர் எஞ்சியிருந்தது.

இதனை ஏன் இங்குக் கூறுகின்றோம்? நம் பள்ளத்தாக்கிலும் நம்முள் நம்மினும் நலிந்தோரைத் தள்ளி அமர்த்தும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை. நம் சங்கத்தின் பாயில் எவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே இடம் இருந்தால்தான் பண்டிதர் விட்டுச் சென்ற பணியை நாம் தொடர்ந்தோம் என்றாகும். அவர் தம் நம்பிக்கையை 53இல் திருத்திக்கொண்டார். அவர் திருத்தாது சென்றதைத் திருத்துவது நம் கடன்.

மறைவுக்குப் பின்

பண்டிதர் மறைந்தபின் அவர் மகனார் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் நின்றது. 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் எழுப்பினார். அங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டது. பண்டிதருடன் பௌத்தப் பணியாற்றிய பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் முன்னுரை வழங்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1935இல் இயோலாவில் தம் முடிவை அறிவித்த அண்ணல், 21 ஆண்டுகள் ஆய்ந்து, 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். உடல் நலிந்திருந்த அவர் டிசம்பர் 6இல் மறைந்தார். இருவருமே அவசரப்படவில்லை, காலம் முடியட்டும் என்று வாளாவிருக்கவும் இல்லை.

ஆயினும் பண்டிதரின் பெயர் பல்லாண்டுகள் பாடநூலுக்கு வெளியே கிடந்தது. 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்ட பின்னரே அவர் எழுத்து அனைவர் கைக்கும் எட்டியது. 2005இல் நடுவண் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023இல் சென்னையில் தமிழக அரசு மணிமண்டபம் திறந்தது. இதனை எண்ணுங்கால் ஒன்று புலனாகின்றது. இடைக்காலத்தில் அவர் பெயரைக் காத்தது மணிமண்டபமன்று. தங்கவயலில் கூலி வேலை செய்தோர் பேணி வைத்த பழைய தாள்களும் சிறு அச்சகமும் ஞாயிறு கூட்டங்களுமே.

நிறைவாக

பண்டிதர் 53இல் ஓய்ந்திருப்பாராயின், நீலகிரியில் மாநாடு நடத்திய மருத்துவர் ஒருவர் என ஓரிரு வரியில் முடிந்திருப்பார். அவரைப் பண்டிதராக நிலைநிறுத்தியது இறுதி 16 ஆண்டுகளே. அவ்வாண்டுகளில் அவர் தேர்ந்தெடுத்த பணிகளை நோக்குக. ஒரு பைசா இதழ், ஊர்தோறும் சிறு சங்கம், வீட்டில் தாமே நடத்தும் சடங்கு. எல்லாம் பிறர் எடுத்துச் செல்லக் கூடியவை. தாம் இல்லாதபோதும் நடக்கக் கூடியவை.

ஐம்பதைக் கடந்த சங்கத்தாருக்கு நாம் கூறுவது இதுவே. பொறுப்புகளை நம் பெயரோடு கட்டி வைக்காமல் இளைஞர் கையில் இப்போதே கொடுப்போம். கொடுத்துவிட்டு வீட்டில் முடங்காமல், அவர்கள் அருகில் அமர்ந்து கற்பிப்போம். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தது இன்று பிள்ளைகளைத் தாங்கவில்லை எனில், அதனை மாற்றிக்கொள்ள நாணாதிருப்போம்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்டிதரின் திருக்குறள் உரை பாதியில் நிற்கின்றது. பெரியோர் எவரும் தம் பணியை முடித்துவிட்டுச் செல்வதில்லை. பாதியில் விட்டுச் செல்கின்றனர். மீதி உங்களிடம் உள்ளது. நம் சங்கத்தின் மாலை வகுப்பு மாலை 6 மணிக்குத் தொடங்கும். நாம் அங்கு இருப்போம், நீங்களும் வருக.